செவ்வாய்க்கிழமைக் குடை

மே 11, ஞாயிறு

சிட்னிக்கு வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. கோவில்பட்டியில் முப்பத்துநான்கு வருடம் புவியியல் நடத்தியவன், அறுபத்தொன்பது வயதில்தான் பூமத்திய ரேகையைத் தாண்டியிருக்கிறேன். தாண்டியபோது தூங்கிக்கொண்டிருந்தேன்.

மகள் செண்பகமும் மாப்பிள்ளை தயாளனும் ஹர்ஸ்ட்வில் என்ற இடத்தில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். தெருவில் பெரும்பாலும் சீனர்கள். கடைப் பலகைகளைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

சொந்த வீடு வாங்கப் போகிறார்கள். பட்டியலில் இரண்டு இடங்கள். ஒன்று, மேற்கே டூங்காபி. தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடக்காரர்கள் என்று நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். கோயிலும் கடைகளும் பக்கம். ஆனால் செண்பகம் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி நகரத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது. காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். இன்னொன்று கைமியா. மரங்கள் அடர்ந்த அமைதியான இடம், ஆஸ்பத்திரிக்குப் பத்தே நிமிடம். அங்கே நம் ஆட்கள் யாரும் கிடையாது.

"நீங்க மார்க் போடுங்கப்பா" என்று செண்பகம் ஒரு நோட்டைக் கொடுத்தாள். வெளிச்சம், காற்று, தண்ணீர், அக்கம்பக்கம் என்று கட்டம் போட்டுவிட்டேன். எனக்கு இதில் சொந்த விருப்பம் எதுவும் இல்லை. விசா மூன்று மாதம். ஆகஸ்ட் 2 டிக்கெட்.

மாப்பிள்ளை ஏழு வயதில் இங்கே வந்தவர். தங்கமானவர். தமிழும் நன்றாகப் பேசுகிறார். ஒரே ஒரு விஷயம். மதியம் "இன்னும் கொஞ்சம் சாம்பார், மாமா?" என்றார். "வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன். பாத்திரம் உடனே ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டது. நான் கையில் வெறும் சோற்றோடு உட்கார்ந்திருந்தேன்.

மே 17, சனி

இங்கே விற்கிற வீட்டைச் சனிக்கிழமை அரை மணி நேரம் திறந்துவைக்கிறார்கள். ஊரே வரிசையாக உள்ளே போய் அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கிறது. பள்ளியில் ஆய்வு நாள்போல எல்லாம் துடைத்துவைத்திருக்கிறது. மேசையில் எலுமிச்சம்பழங்கள்கூட ஒரே அளவு.

இன்று டூங்காபி. கடைவாசலில் முருங்கைக்காயைக் கட்டாகக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒரு அம்மா தன் மகனை, "ஏறுடா கார்ல, மாவு புளிச்சிரும்" என்று திட்டிக்கொண்டிருந்தார். செண்பகம் வந்து தோளைத் தொடும்வரை நான் நின்றிருந்தது எனக்கே தெரியவில்லை.

பார்த்த வீட்டில் ஓர் அறைக்குத் தெற்குப் பக்கம் பெரிய ஜன்னல். காற்று என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்தார். தொப்பி, இரண்டு ஸ்வெட்டர்.

"என்ன ஐயா, தெற்குச் சன்னலுக்கு முழுப் புள்ளி குடுக்கிறியள்?"

"தென்றல் வருமே."

"இஞ்ச தெற்கால வாறது தென்றல் இல்லை, ஐஸ்! அந்தப் பக்கம் வெயிலும் விழாது. இந்த நாட்டில வெயில் வடக்காலதான். நீங்கள் என்ன உத்தியோகம் பாத்தனீங்கள்?"

"வாத்தியார்."

"என்ன பாடம்?"

சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். தென் அரைக்கோளத்தில் சூரியன் வடக்கு வானத்தில் போகும் என்பதை எத்தனையோ வகுப்புகளுக்குப் பந்தும் டார்ச் லைட்டும் வைத்து விளக்கியிருக்கிறேன். பாடமாகத் தெரிந்தது உடம்புக்குத் தெரியவில்லை.

பெயர் குணரத்தினம். யாழ்ப்பாணம் பக்கம் பருத்தித்துறையில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். அடுத்த தெருவில் மகளோடு இருக்கிறார். வீடு வாங்க வரவில்லையாம். "தமிழ் ஆக்கள் ஆரும் வாறினமோ எண்டு பாக்க வந்தனான்" என்றார். மழை வந்ததால் அவர் வீட்டில் போய் ஒதுங்கினோம். தேநீர் கொடுத்தார்கள். குடையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 20, செவ்வாய்

குடையை வாங்கிவரத் தனியாகப் போனேன். இரண்டு ரயில். செண்பகம் கொடுத்த அட்டையை ரயில் நிலையக் கம்பத்தில் தொட்டால் போதும், வழிவிடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் அங்கே ஒரு சமூகக் கூடத்தில் பெரியவர்கள் கூடுகிறார்கள். ஏழெட்டுப் பேர். சீட்டாட்டம், தேநீர், ராஜமுந்திரியிலிருந்து வந்த சத்யவதி அம்மா கொண்டுவரும் முறுக்கு. நாலு மொழியில் சண்டை. சீட்டில் தோற்றேன். "மாஸ்டருக்கு இன்னும் திசை பிடிபடேல்லை" என்று குணரத்தினம் எல்லோரிடமும் ஜன்னல் கதையைச் சொல்லிவிட்டார்.

என் மனைவி கோமதி போன இந்த இரண்டு வருடத்தில் இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்தது இல்லை. ஊரில் டிவியை அணைப்பதே இல்லை என்பது வேறு விஷயம். அது திருட்டு பயத்துக்காக.

திரும்பிவரும்போது குடையை மறுபடியும் மறந்துவிட்டேன்.

மே 25, ஞாயிறு

பால்கனியில் மாப்பிள்ளை துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, கையில் ஈரச் சட்டையோடு, "மாமா, நீங்க இங்கயே எங்களோட இருந்துடுங்களேன்" என்றார். "நீங்க இருக்கறதா இருந்தா டூங்காபியிலயே வீடு பாத்துடலாம். உங்களுக்கும் பேச்சுத்துணை."

"அதெல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை. எனக்காக நீங்க எதுவும் பாக்காதீங்க. செண்பகத்துக்கு எது பக்கமோ அதைப் பாருங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி மாமா" என்றார். மீதித் துணியையும் உலர்த்திவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் சொன்னது சரியான பதில்தான். மகள் வீட்டில் போய் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்வது நம் பக்கத்தில் வழக்கமில்லை.

இதோடு சம்பந்தமில்லாத ஓர் உதாரணம். ஊரில் யாராவது வீட்டுக்கு வந்தால், காபி சாப்பிடுங்க என்போம். இப்பதான் குடிச்சேன் என்பார். அட, அரை டம்ளர் என்போம். அலையவேண்டாம் என்பார். அதற்குள் பால் அடுப்பில் பொங்கிக்கொண்டிருக்கும். மூன்றாவது முறை கேட்கும்போது கையை நீட்டி வாங்கிக்கொள்வார். முதல் தடவையே சரி என்று சொல்பவரை யாரும் பார்த்ததில்லை. வழக்கத்தைக் குறித்துவைக்கிறேன், அவ்வளவுதான்.

மே 26, திங்கள்

இன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. குளிர்.

ஜூன் 3, செவ்வாய்

குடை எடுக்கப் போனேன். எடுத்தேன். மேசைக்கு அடியில் வைத்தேன். ஹர்ஸ்ட்வில் வந்து இறங்கியதும் கை காலியாக இருந்தது. சாக்பீஸ் துண்டைக்கூடத் தொலைக்காதவன் நான். வயதாகிறது போலிருக்கிறது. செண்பகம் கேட்டதற்குப் பூங்காவில் நடந்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். குடைக்காக இத்தனை தூரம் போகிறேன் என்றால் சிரிப்பாள்.

ஜூன் 14, சனி

கைமியாவில் ஒரு வீடு. பழையதுதான், ஆனால் உறுதியான செங்கல். பின்னால் பெரிய யூகலிப்டஸ் மரம். எதிர் வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி கையை ஆட்டினார். அதன் பிறகு தெருவில் யாரும் இல்லை. ஒரு பறவை மட்டும் மனிதர்போலச் சிரித்துக்கொண்டிருந்தது.

செண்பகம் சமையலறையில் நின்று குழாயைத் திறந்து மூடினாள். அந்த முகத்தை நான் அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் அன்று பார்த்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கே வந்துபோகலாம்.

பிறகு என் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். வடக்குப் பக்கம் அகலமான ஜன்னல். தரையில் பாய் விரித்ததுபோல வெயில்.

"நாள் பூரா இப்படி வெயில் இருக்குமாம்ப்பா. மூட்டு வலிக்கு ரொம்ப நல்லது. பிடிச்சிருக்கா இந்த ரூம்?"

"அருமையான அறை. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வெச்சு வேலை பாக்கத் தோதா இருக்கும்" என்றேன்.

அவள் ஜன்னல் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தாள். "ம்" என்றாள்.

வெளிச்சம் பத்து. காற்று எட்டு. அக்கம்பக்கம் என்ற கட்டத்தில் ஏழு போட்டேன். பிறகு அதை எட்டாக்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆட்டம் முடிந்து குணரத்தினத்தோடு ரயில் நிலையம்வரை நடந்தேன்.

"மகள் என்னைக் கேட்ட உடனேயே ஓம் எண்டு சொல்லிப்போட்டன், மாஸ்டர். ஒருக்கால் விட்டால் பிறகு கேப்பாளோ தெரியாது. உங்களை அவையள் கேக்கேல்லையோ?"

"கேட்டாங்க."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

இந்த வருடம் ஜூனிலேயே குளிர் அதிகம் என்று எல்லோரும் பேசிக்கொள்வதாக அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நிலையத்துக்குள் நுழைந்த பிறகு பின்னாலிருந்து "மாஸ்டர், குடை!" என்று கத்தினார். காதில் விழாததுபோலப் படியிறங்கினேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஊரிலிருந்து பாண்டியன் பேசினார். என்னோடு கணக்கு நடத்தியவர், வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. "என்ன வேலாயுதம் சார், பொண்ணு வீட்டுச் சாப்பாடு ஒட்டிக்கிச்சா? ஆள் திரும்பி வர்ற மாதிரி தெரியலையே!" என்று சிரித்தார். "ஆகஸ்ட் மூணாம் தேதி வீட்டுல இருப்பேன்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். செண்பகம் பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

போனை வைத்ததும், தலையைத் தூக்காமல், "ஏம்ப்பா, டிக்கெட்டைத் தள்ளிப் போட்டு, விசாவை நீட்டிக்க முடியுமான்னு பாக்கட்டுமா?" என்றாள்.

"எதுக்கும்மா? வேண்டாம். அங்க வீடு பூட்டிக் கிடக்கு."

"சரிப்பா."

வெண்டைக்காய் இன்று ரொம்பப் பொடியாக இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

குடை.

ஜூலை 16, புதன்

கைமியா வீட்டுக்கு ஒப்பந்தம் ஆகிவிட்டது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இங்கே ஒரு நல்ல ஏற்பாடு. கையெழுத்துப் போட்டபிறகும் ஐந்து வேலைநாள் அவகாசம் உண்டாம், வாங்குகிறவர் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். பரீட்சை எழுதி முடித்த பையனிடம் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்து, இன்னொரு முறை பார்த்துக்கொள் என்பதுபோல. அடுத்த புதன் மாலை ஐந்து மணிவரை.

எனக்கு நிம்மதி. இனி மார்க் போடும் வேலை இல்லை.

ஜூலை 17, வியாழன்

பின்னறையை மாப்பிள்ளை "ஆபீஸ் ரூம்" என்று சொல்கிறார். என் யோசனைதான்.

ஜூலை 20, ஞாயிறு

குளிர். கோமதியின் படத்தைப் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவில் கொண்டுவந்திருந்தேன். எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

டூங்காபியிலிருந்து நாலு மணிக்குத் திரும்பினேன். செண்பகம் சீக்கிரமே வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"குடை கிடைச்சுதாப்பா?"

"எந்தக் குடை?"

போனை என் பக்கம் திருப்பினாள். "இந்த ரயில் கார்டு என் பேர்ல இருக்கு. நீங்க எங்க ஏறினீங்க, எங்க இறங்கினீங்க, எல்லாம் இதுல வந்துரும். பாருங்க. டூங்காபி, டூங்காபி, டூங்காபி. பத்து செவ்வாய்க்கிழமை. பூங்காவுக்குப் போனேன்னு சொன்னீங்க."

"அங்கயும் ஒரு பூங்கா இருக்கு" என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாள். நான் தண்ணீர் எடுத்துவந்தேன்.

"இவ்வளவு ஆசையை வெச்சுக்கிட்டு ஏம்ப்பா வேண்டாம்னீங்க?"

யோசித்துப் பேசியிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். வாய் முந்திக்கொண்டது. "மாப்பிள்ளை ஒரு தடவைதானேம்மா கேட்டார்."

"ஒரு தடவையா?" என்று எழுந்து நின்றுவிட்டாள். "மூணு தடவை கேட்டாச்சுப்பா! அவருக்கு வேணும்னா தெரியாது, எனக்குத் தெரியாதா? நான் உங்க பொண்ணு. நான் கேட்டா மகள் வீடுன்னு தயங்குவீங்க, மாப்பிள்ளை கேட்டாத்தான் மரியாதைன்னு முதல்ல அவரை அனுப்பினேன். ரெண்டாவது, அந்த வெயில் ரூம்ல. வீடு பாக்கப் போன இடத்துல எந்த மக அப்பாவைத் தனியா கூட்டிப்போய் மூட்டு வலிக்கு நல்லதுன்னு சொல்லுவா? நீங்க கம்ப்யூட்டர்னீங்க. மூணாவது, டிக்கெட். அதுக்கு மேலயும் கேட்டா உங்களைக் கட்டாயப்படுத்தற மாதிரி ஆயிரும்னு விட்டுட்டேன்."

வரைபடத்தில் இடங்களை அடையாளம் காணச் சொல்லி எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். கண் முன்னாலதானே இருக்கு, பாருடா என்று.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் இதை விட்டுடலாம். டூங்காபியே பாப்போம். ஒரு மணி நேரம்தானே, நான் ஓட்டிக்கறேன். யோசிச்சு சொல்லுங்க. ஆனா இந்தத் தடவை நிஜமா சொல்லுங்க."

ஜூலை 23, புதன்

ஒரு மாணவன் இருந்தான், ரெங்கசாமி என்று. விடைத்தாளின் ஓரமெல்லாம் எழுதுவான், படம் வரைவான், அம்புக்குறி போடுவான். கேள்விக்கு நேரே மட்டும் விடை இருக்காது. "தெரியும் சார்" என்பான். "தெரிஞ்சா எழுதுடா, நான் எப்படி மார்க் போடறது" என்பேன். இந்த நோட்டைக் காலையில் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ரெங்கசாமியின் ஞாபகம் வந்தது.

காலை டிபன் தோசை. மாப்பிள்ளை வார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொண்ணு, மாமா?"

"போடுங்க."

தோசைத் திருப்பி அப்படியே நின்றது. செண்பகம் என்னையே பார்த்தாள்.

"கைமியாவே இருக்கட்டும்" என்றேன். "தினமும் ரெண்டு மணி நேரம் நீ ரோட்டுல இருந்தா, நான் டூங்காபியில யார்கூட உக்காந்தாலும் என் காது வாசல்லதான் இருக்கும். அங்க போக எனக்கு ரயில் இருக்கு, செவ்வாய்க்கிழமை இருக்கு. ஆனா அந்த வடக்கு ரூம்ல கம்ப்யூட்டர் வேண்டாம். கட்டில் போடுங்க."

"யாருக்கு மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"ஐயோ, உங்களுக்கு எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லணுமா!" என்றாள் செண்பகம்.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. "எனக்குத்தான் மாப்பிள்ளை. நான் இங்க உங்களோட இருக்கணும்னு ஆசைப்படறேன்." அறுபத்தொன்பது வருடத்தில் இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை. கோமதியிடம்கூட.

தோசை கருகிவிட்டது. அதையே சாப்பிட்டேன்.

நிரந்தர விசாவுக்கு வரிசை மிக நீளமாம், வருடக்கணக்கில் ஆகுமாம். அதுவரை மூன்று மூன்று மாதமாக வந்து போகவேண்டும். இந்த முறை டிக்கெட் அதே ஆகஸ்ட் 2தான். நான் போவதற்குள் புது வீட்டுச் சாவிகூடக் கைக்கு வராது. கட்டிலை நான் பார்க்க இன்னும் பல மாதங்கள் ஆகும்.

மாலை ஐந்து மணி ஆனபோது மூவரும் கடிகாரத்தைப் பார்த்தோம். செண்பகம் என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

கடைசிச் செவ்வாய். இன்று செண்பகத்திடம் சொல்லிவிட்டே போனேன். சத்யவதி அம்மா முறுக்கைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். சீட்டில் முதன்முறையாக ஜெயித்தேன். விட்டுக்கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

குணரத்தினம் நிலையம்வரை வந்தார். வடக்கு ஜன்னல் அறையைப் பற்றிச் சொன்னேன். "வடக்கோ? அப்ப மாஸ்டருக்குப் பூகோளம் விளங்கீட்டுது" என்றார். கையைப் பிடித்தார், விடவில்லை. பருத்தித்துறையை விட்டு வந்தபோது தான் யாரிடமும் போயிட்டு வாறன் என்று சொல்ல நேரமில்லாமல் போனது என்றார். அவர் ஊரைப் பற்றிச் சொன்னது இது ஒரு தடவைதான்.

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெஞ்சில் என் குடை சாய்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கத்தவில்லை. குடையை எடுத்து, கவனமாக மடக்கி, பட்டையைச் சுற்றிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ரயில் நகர்ந்தது.

ஆகஸ்ட் 2, சனி

விமானத்தில் எழுதுகிறேன். பூமத்திய ரேகையைத் தாண்டும்போது இந்த முறை விழித்திருந்தேன். கீழே மேகம் மட்டும்தான்.

சென்னையில் மழையாம். கையில் குடை இல்லை. டூங்காபியில் இருக்கிறது.